சாந்தா பார்த்த இடம்

எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாத ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர் ராஜேந்திரன். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப்போய்விட்டது. இன்னொருவன் சுனில். அவன் ஏதாவது பேசினால்தானே நான் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்க முடியும்? அவன் வாயையே திறக்க மாட்டான்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேட்டரிக் கடையில் வேலை பார்த்தான். இருபத்துமூன்று வயசு இருக்கும். பார்க்க லட்சணமாகத்தான் இருப்பான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் எந்தச் சட்டை போட்டாலும் முன்பக்கம் பொடிப்பொடியாக ஓட்டை இருக்கும். நான் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள், துணியில் ஓட்டை என்றால் என் கண் முதலில் அங்கேதான் போகும். பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட் தெறித்தால் அப்படித்தான் ஆகும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு மேல் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

2003 பிப்ரவரியில் ஒரு நாள் என் மகள் மமதாவுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தான். அவளுக்குப் பத்தொன்பது வயசு. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் ஒன்பதரைக்கு அவள் வாசல் தாண்டினால் இவன் பத்தடி பின்னால் வருவான். கடை வாசல்வரை வந்து, அவள் உள்ளே போனதும் திரும்பிப் போவான். சாயங்காலமும் அப்படியே. கையில் ஒரு பச்சை நிறக் கைக்குட்டை கட்டியிருப்பான். அது மமதா எப்போதோ தவறவிட்டது.

ஐந்தாம் நாள் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தேன். "ஏன்டா, உனக்கு அக்கா தங்கச்சி கிடையாதாடா? வெட்கமா இல்ல?" என்று தெருவே கூடும்படி கத்தினேன். தலையைத் துடைக்கக்கூட இல்லை. சொட்டச் சொட்ட நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான். தெருவில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். எனக்காகத் தட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவனுக்காகத் தட்டினார்கள். ஏனென்றால் அந்தப் படத்திலும் சாந்தாவின் அம்மா ஐந்தாம் நாள் தண்ணீர் ஊற்றுவாள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 'சம்மதம் சொல்லடி சாந்தா'. எண்பத்திரண்டு தீபாவளிக்கு வந்தது. ஹீரோ ஒரு லாரி மெக்கானிக். சாந்தா காலேஜ் படிக்கிற பெண். அவன் கேட்பான், இவள் மாட்டேன் என்பாள். உடனே அவன் முருகன் கோயிலில் போய் சபதம் எடுப்பான். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு வார்த்தை பேசாமல் உன் பின்னால் நடப்பேன், நாற்பத்தெட்டாம் நாள் நீ பதில் சொல்லியாக வேண்டும் என்று. சாமிக்கு மாலை போட்டவன் மாதிரி அவள் கைக்குட்டையைக் கையில் கட்டிக்கொள்வான். மண்டலம் முடிகிற நாளில் காலேஜ் படிக்கட்டில் நின்று மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொண்டு, தீப்பெட்டியை எடுத்து, "சொல்லு" என்பான். அவள் "சம்மதம்" என்பாள். உடனே பாட்டு. அந்தப் பாட்டுக்கு எங்கள் ஏரியா தியேட்டரில் ஸ்கிரீன் மேல் சில்லறை பறந்தது.

படம் போன பிறகும் மண்டலம் போகவில்லை. அந்த வருஷம் எங்கள் ஏரியாவில் மட்டும் ஆறு பேர் மண்டலம் இருந்தார்கள். டீக்கடையில், "இன்னிக்கு எத்தினாவது நாளு?" என்று விசாரிப்பார்கள். நடுவில் நாள் தவறினால் மண்டலம் உடைந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நாற்பத்தெட்டும் முடித்துவிட்டால் பெண் வீட்டார் பேசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஏரியாவே அவர்கள்மேல் காறித் துப்பும். ஆறில் நாலு கல்யாணத்தில் முடிந்தது என்று ரசிகர் மன்றச் செயலாளராக இருந்த எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். மீதி இரண்டு என்ன ஆனது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்.

அந்த நாலில் ஒன்று எங்களுடையது. அப்போது நான் ஊதுபத்தி கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு நாள் சைக்கிளில் பின்னால் வந்தார். நாற்பத்தெட்டாம் நாள் காலையில் தெருக்குழாயில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது மண்ணெண்ணெய் கேனோடு எதிரே வந்து நின்றார். படத்தில் வருகிற மாதிரி தலையில் ஊற்றிக்கொள்ளவில்லை. கேனைக் கையில் வைத்துக்கொண்டு மூடியை மட்டும் திறந்தார். சட்டைப் பையில் தீப்பெட்டி. மன்றத்துப் பையன்கள் விசிலடித்தார்கள். என் அப்பா அய்யாவு ஓடி வந்து என் காதில், "பையன் எரிஞ்சு செத்துட்டான்னா பாவம் நம்ம தலையிலதாம்மா, ஒத்துக்கோ" என்றார். நான், "சரி" என்றேன். அவ்வளவுதான் என் காதல் கதை.

இருபது வருஷத்தில் அவர் என்மேல் கை வைத்ததில்லை. ஆட்டோ ஓட்டி முடித்து வரும்போது கனகாம்பரமோ மல்லியோ வாங்காமல் வந்ததில்லை. நல்ல மனுஷன்தான் என்று நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் குழாயடிக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார், நான் டீ போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

சுனில் விஷயத்தை அவர் கொண்டாடினார். "விடு யசோதா, பேசக்கூட இல்ல, தொடக்கூட இல்ல, எவ்ளோ டீசன்ட்டா கீறான். நம்ம காலத்துப் பையன் மாதிரி" என்றார்.

"பொண்ணு பயப்படுது, உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

"நீயும்தான் மொறைச்ச. அப்புறம் இன்னா ஆச்சு?"

இப்படிப்பட்ட ஆளிடம் என்னத்தைப் பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன்.

முப்பத்தெட்டாம் நாளோ என்னவோ, மமதா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ம்மா, அவன் ஏதாவது பேசிட்டா பரவால்லம்மா. கேவலமா ஏதாவது சொன்னாக்கூட திட்டலாம். ஒண்ணும் பேசாம வர்றான் பாரு, அதுதான் பயமா இருக்கு. எண்றான்ம்மா. வாய்க்குள்ளயே நாளை எண்ணிட்டு வர்றான்" என்றாள். போலீசுக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, தெருவில் ஒருத்தன் நடப்பதற்கு என்ன கேஸ் எழுதுவார்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார்.

நாற்பத்தோராம் நாள் விடிவதற்குள் அவளை ஊரின் மறுகோடியில் இருக்கிற எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அனுப்பிவிட்டேன். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பாகீரதி அம்மா அங்கே பெண்களுக்கான பி.ஜி. என்கிற விடுதி நடத்துகிறார். மல்லேஸ்வரத்தில் தலைமுறையாக இருக்கிற குடும்பம், கண்டிப்பான மனுஷி. பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலையும் பார்த்துக் கொடுத்தார். தெருவில், தங்கவயலில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். எங்கள் ஏரியாவில் உண்மை தெரிந்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். "உன் மேல சத்தியம், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார்.

அன்று காலை ஒன்பதரைக்குச் சுனில் வந்தான். மமதா இல்லை என்று தெரிந்தும் போகவில்லை. எங்கள் வாசலுக்கு எதிரே, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான். அவள் கடைக்கு நடக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டுப் போனான். சாயங்காலம் மறுபடி. அவள் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு இப்படி ஒருவன் தினமும் நிற்பதை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். என் கை தையலில் தவறியதே கிடையாது. அந்த வாரம் இரண்டு ரவிக்கைக்குக் கழுத்தை மாற்றி வெட்டினேன்.

நாற்பத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் படமும் போட்டார்கள்.

கேபிள் ரவி எங்கள் ஏரியாவுக்கு லோக்கல் சேனல் ஒன்று நடத்திக்கொண்டிருந்தான். படம் வந்து இருபது வருஷம் ஆனதற்காக, மன்றத்துப் பழைய ஆட்கள் சேர்ந்து 'சம்மதம் சொல்லடி சாந்தா' விசிடியைப் போடச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே படம். ஹீரோ ஒரு வசனம் பேசினால் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் அதே குரல் வரும். எங்கள் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். டைட்டில் ஓடும்போது வாசலில் நிழல் தட்டியது. சுனில்.

"வாப்பா, உள்ள வா, ஒக்காரு" என்றார் இவர்.

"இன்னாய்யா நினைச்சிட்டிருக்க உன் மனசுல?" என்று நான் இவரைப் பார்த்துச் சீறினேன்.

"படம்தானே பாக்க வந்தான்? வீட்டுக்கு வந்தவனை விரட்டுவியா?"

அவன் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். தோளில் ஒரு கித்தான் பை. அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான், சாய விடவில்லை. ஹீரோ பேசும்போதெல்லாம் அவன் உதடு அசைந்தது. அவன் பிறந்து இரண்டு வருஷம் கழித்து வந்த படம். ஒரு எழுத்து தவறாமல் தெரிந்து வைத்திருந்தான்.

இருபது வருஷம் கழித்து அந்தப் படத்தைப் பார்க்க எனக்கே விசித்திரமாக இருந்தது. பாட்டு மட்டும் நல்ல எண்ணெயில் போட்ட ஊறுகாய் மாதிரி அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் ஊசிப்போய்விட்டது. ஹீரோவின் விக்கையும் யானைக்கால் பேன்டையும் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவன் காலைத் தூக்குவதற்கு முன்பே அடியாள் பறந்துபோய் வைக்கோலில் விழுந்தான். அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். காமெடியில் ஒரு கருத்த பெண்ணை வைத்து அரை மணி நேரம் கேலி செய்தார்கள். அந்தக் காலத்தில் அதற்கு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இப்போது பார்த்தால் அவள் என் நிறம்தான். ஹீரோவின் தங்கையை வில்லன் கெடுத்துவிடுகிறான், அவள் கிணற்றில் விழுந்து சாகிறாள், ஐந்து நிமிஷத்தில் ஹீரோவும் சாந்தாவும் மழையில் ஆடுகிறார்கள். கண்றாவி! இடைவேளைக்கு முன்னால் ஹீரோ சாந்தாவின் கன்னத்தில் அறைந்து, பொம்பளை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நாலு நிமிஷம் பாடம் எடுக்கிறான். அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. பொய் சொல்லவில்லை, நானும்தான் தட்டினேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒருவன் தட்டினான். மெதுவாக, மூன்று தரம்.

இரண்டரை மணி இருக்கும். சுனில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக் கைகூப்பினான். இவரும் தலையை ஆட்டினார். வெளியே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. தொலைந்தான் சனியன் என்று நான் கதவைச் சாத்தினேன். பாதிப் படத்தில் ஏன் எழுந்து போனான் என்று அப்போது கேட்காமல் விட்டதற்கு என்னை நானே இன்றுவரை திட்டிக்கொள்கிறேன்.

கடைசிக் காட்சி வந்தது. காலேஜ் படிக்கட்டு. ஹீரோ நனைந்து நிற்கிறான். "சொல்லு" என்கிறான். சாந்தா வாயைத் திறக்கிறாள். அங்கே விசிடி மாட்டிக்கொண்டது.

படம் உறைந்து நின்றது. "சம்... சம்... சம்..." என்று பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஒரே எழுத்து இழுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் மாடியில் ஏறி, "ஏ ரவி, டிஸ்க்கைத் துடைடா!" என்று கத்தினார்கள். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நின்றிருக்கும். நான் சாந்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்க்க என்ன இருக்கிறது?

சாந்தா ஹீரோவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் கீழே இருந்தது. அவன் இடது கையில், தீப்பெட்டி இருக்கிற இடத்தில்.

பதினோரு தடவை தியேட்டரில் பார்த்த படம். ஓடுகிற படத்தில் அது அரை நொடிகூட இருக்காது, அதற்குள் பாட்டு வந்துவிடும். அந்த நடிகை தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா, எனக்குத் தெரியாது. ஆனால் குழாயடியில் நான் எங்கே பார்த்துக்கொண்டு "சரி" என்றேனோ அங்கேதான் அவளும் பார்த்தாள். உடனே சுனிலின் பை ஞாபகம் வந்தது. சாய விடாமல் பிடித்திருந்த பை.

"அவன் எங்க போனான்?" என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்க போவான்? மமதாவைப் பாக்கத்தான். இன்னிக்கு நாப்பத்தெட்டு. இவ்ளோ நாள் இருந்துட்டு கடைசி நாள்ல ஆளைப் பாக்காம மண்டலம் உடையக்கூடாது இல்ல? காலையில ஆட்டோ ஸ்டாண்டுல வந்து கால்ல விழுந்தான். அட்ரஸ் எழுதிக் குடுத்தேன். நாலு மணிக்கு மேலதான் விசிட்டர்ஸை விடுவாங்கன்னும் சொல்லியிருக்கேன்" என்றார்.

"அடப்பாவி மனுஷா! என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியே!"

"ஏய், அவன் இன்னா பண்ணப் போறான்? கேக்கத்தான் போறான்."

நான் மூலைக்கடை எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பி.ஜி. நம்பர் எங்கேஜ்டு. ஞாயிற்றுக்கிழமை, இருபது பெண்களும் வீட்டுக்குப் பேசுகிற நாள். ஆறு தடவை போட்டேன், ஆறு தடவையும் எங்கேஜ்டு. திரும்பி வந்து டிவியை அணைத்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினேன். "வண்டிய எடுய்யா!"

ஆட்டோ ரிச்மண்ட் சர்க்கிளைத் தாண்டியது. முன்கண்ணாடியில் அவர் கண் என்னைப் பார்த்துப் பார்த்துத் திரும்பியது. "சும்மா எதுக்கு இவ்ளோ டென்ஷன்? நம்ம மாதிரி ஒரு ஜோடி..." என்று ஆரம்பித்தார்.

"நம்ம மாதிரின்னு சொல்லாதீங்க" என்றேன். "நான் உங்க மூஞ்சியப் பாத்து ஒத்துக்கல. உங்க கையில இருந்த கேனைப் பாத்து ஒத்துக்கிட்டேன். உங்களைப் புடிச்சதா இல்லையான்னு யோசிக்கவே இல்ல. பயம். குடம் வழிஞ்சதுகூடத் தெரியாம நின்னேன். இருபது வருஷமா அந்தக் கதைய நீங்க சொல்றப்பல்லாம் டீ போட்டுட்டே கேட்டுட்டிருந்தேன் பாருங்க, என்னை நானே செருப்பால போட்டுக்கணும்."

கண்ணாடியில் அவர் கண் அசையாமல் நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சில்க் போர்டு சிக்னலில் சிவப்பு விழுந்தும் நிற்காமல் போனார். ஓசூர் ரோட்டில் அந்த ஆட்டோ அவ்வளவு வேகம் போகும் என்று எனக்குத் தெரியாது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

நாலேகாலுக்குப் பி.ஜி. தெருவில் திரும்பினோம். தூரத்திலேயே தெரிந்தது. கேட் திறந்திருந்தது. மமதா துவைத்த ஈரக் கையோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். எதிரே, இரண்டடி தள்ளி, சுனில். மேலே பால்கனியில் ஏழெட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஓகே சொல்லுடீ!" என்று சிரித்தாள். பாகீரதி அம்மா படியில் நின்றுகொண்டு, "அஞ்சு நிமிஷம், அவ்ளோதான். பேசிட்டுக் கிளம்பு. ஹோகி" என்று கன்னடத்திலும் போகச் சொன்னார். மமதாவின் அப்பா அனுப்பினார் என்று அவன் அவரிடம் சொல்லியிருக்கிறான், எங்கள் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த அட்ரஸ் சீட்டைக் காட்டியிருக்கிறான்.

ஆட்டோ நிற்பதற்குள் நான் குதித்தேன். அப்போதுதான் முதன்முதலாகச் சுனிலின் குரலைக் கேட்டேன். சின்னப் பையன் குரல் மாதிரி மெலிசாக இருந்தது.

"நாப்பத்தெட்டு நாள் ஆச்சு. சொல்லு."

"சரி" என்றாள் மமதா.

"சத்தமா. எல்லாருக்கும் கேக்கணும்."

மமதாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் கண் அவன் முகத்தில் இல்லை. கீழே, அவன் பையில் இருந்தது. அவன் வலது கை பைக்குள் இருந்தது. மேலே அந்தப் பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"அவ ஒத்துக்கலடா!" என்று நான் கத்தினேன். கத்திக்கொண்டு நான் மமதாவை நோக்கித்தான் ஓடினேன். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிப் போனார். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பேசவில்லை, அடிக்கவில்லை. நேராகப் போய்ப் பைக்குள் இருந்த கையை மணிக்கட்டோடு இரண்டு கையாலும் பிடித்து, பையோடு சேர்த்துச் சுவரில் அழுத்தினார். உள்ளே ஏதோ உடைந்தது. கித்தான் பை அடியில் கறுத்து, புகைந்து, ஓட்டை விழுந்தது. கீழே சிமெண்டில் ஆசிட் நுரைத்துப் பொங்கியது. சுனில் வீறிட்டான். எங்கள் வீட்டுக்காரருக்கும் வலது முன்கை வெந்துபோனது, ஆனாலும் விடவில்லை. பக்கத்துக் கட்டட வாட்ச்மேன்கள் வந்து அவனை அமுக்குகிறவரை பிடித்துக்கொண்டே நின்றார்.

மமதா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தை, கையை, கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடப் படவில்லை. மேலே பால்கனியில் கைதட்டல் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. நாங்கள் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். இவர் கைக்குக் கட்டுப் போட்டார்கள். பாகீரதி அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "உங்காத்துக்காரர் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்மா! என்ன ஒரு சமயோசிதம்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்துக்கொண்டிருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ நின்றது. மமதா பின்சீட்டில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். இவர் பழைய துணியால் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றேன்.

"இன்னா?"

"எல்லாரும் அவன் மூஞ்சியத்தான் பாத்தாங்க. கேக்கத்தான் போறான்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் எப்பிடி நேரா அந்தக் கைக்குப் போனீங்க?"

அவர் துணியை மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

"நீ வண்டியில சொன்னே இல்ல, பயந்துட்டேன்னு" என்றார். "நீ பயந்தது சரிதான்."

"இன்னா சரி?"

"நான் பயந்து தலையில ஊத்திக்கலன்னு பசங்க இன்னிக்கும் கிண்டல் பண்ணுவானுங்க. அது இல்ல." அவர் துணியைக் கீழே வைத்தார். "அந்தக் கேன்ல இருந்தது எனக்கா, உனக்கான்னு அன்னிக்கு நான் முடிவு பண்ணல யசோதா. மூடியத் திறந்துட்டு யோசிச்சிட்டு நின்னேன். அதுக்குள்ள நீ சரின்னுட்ட."

அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இருபது வருஷமாகப் பூ வாங்கி வந்த ஆள், என் மகளைக் காப்பாற்றிய ஆள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

"ஏறு. வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"சரி" என்றேன்.

ஆனால் ஏறாமல் அங்கேயே நின்றேன். மமதா பின்சீட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பிறகு நான் எங்கே பார்க்கிறேன் என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டுக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்த அவர் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எடுத்தது வெறும் தண்ணீர் பாட்டில்தான்.

மமதா ஆட்டோவை விட்டு இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, வா. நாம பஸ்ல போலாம்" என்றாள்.